ஷட்டர் இல்லாத கடை

அன்புள்ள அண்ணா,

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். நீலகிரித் தைலம், டீத்தூள், வர்க்கி, தேன் ஆகியவற்றை இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் ஆர்டர் எடுத்து அனுப்பிவருகிறேன். வீட்டு முன்னறைதான் கடையும் குடோனும். பேக்கிங்குக்கு மூன்று அக்காமார் தினக்கூலிக்கு வருகிறார்கள். 2025 ஏப்ரல் முதல் நீலகிரி மலைக்கு வரும் வண்டிகளுக்கு வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000 என்று கட்டுப்பாடு வந்ததிலிருந்து, இங்குள்ள கடைகளுக்கு நான் போட்டுவந்த சரக்கு குறைந்துவிட்டது. ஆன்லைன் ஆர்டரை நம்பித்தான் வண்டி ஓடுகிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்க்கிழமை. கோடைத் தள்ளுபடி என்று ஒரு ரீல் எடுத்து, சாயந்திரம் ஏழு மணிக்குப் போகும்படி முந்தைய நாளே நேரம் குறித்து வைத்திருந்தேன். அன்று மதியம் காஷ்மீரின் பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். டிவி முன்னால் உட்கார்ந்தவளுக்கு ரீல் ஞாபகமே வரவில்லை. குத்துப்பாட்டோடு அது போய்விட்டது. “நாடே அழுதுகிட்டு இருக்கு, உங்களுக்கு ஆஃபர் கேக்குதா?” என்று ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார். அதற்குக் கீழே இன்னும் பலர். உடனே அழித்தேன். “மூன்று நாள் விற்பனை இல்லை” என்று கறுப்புப் படம் போட்டேன். அக்காமாரையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பணம் கட்டியவர்கள் பார்சல் எங்கே என்று கேட்டபடி இருந்தார்கள்.

ஜூன் 12ஆம் தேதி அகமதாபாத்தில் விமானம் விழுந்த மதியம் மறுபடியும் கை நின்றுவிட்டது. நாற்பது பார்சல் கட்டி முடித்திருந்தோம். அனுப்புவதா, வைப்பதா? மூடினால் எத்தனை நாள்? எதற்கு மூடுவது, எதற்கு வேண்டாம்? இதற்கு ஒரு கணக்குச் சொல்லுங்கள் அண்ணா.

ம., கோத்தகிரி

*

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தில் துக்கமும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. ரீலை அழிக்க வைத்தது துக்கம். மூன்று நாள் கடையை மூட வைத்தது பயம் என்றுதான் எனக்குப் படுகிறது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பயந்து கடை மூடுவது நம் ஊரில் பழைய வழக்கம். 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்தபோது தமிழ்நாடு முழுக்கக் கடைகள் மூடிக் கிடந்தன. வீட்டில் ஒரு சாவு விழுந்ததுபோல் அழுது மூடியவர்கள் ஏராளம். கல் வந்து விழுமோ என்று மூடியவர்களும் உண்டு. சென்னையில் கடைகள் சூறையாடப்பட்டன. தெருவில் நின்று பார்க்கிறவனுக்கு இரண்டு பூட்டும் ஒன்றுதான். எதற்காகப் பூட்டினோம் என்பது சாவியை வைத்திருக்கிறவனுக்குத் தெரியும். இன்று கல்லின் இடத்தில் கமெண்ட் வந்திருக்கிறது.

அரசு துக்கம் அனுசரிக்கிறது என்றால் கொடி அரைக்கம்பத்தில் பறக்கும், அரசுக் கேளிக்கை நிகழ்ச்சிகள் இருக்காது. 2024 டிசம்பர் 26 அன்று மன்மோகன் சிங் மறைந்தபோது ஏழு நாள் அப்படித்தான் இருந்தது. மளிகைக் கடைக்காரர் யாரும் அந்த ஏழு நாளும் பூட்டிவைக்கவில்லை, பூட்டச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

ஆனால் கடைத்தெருவுக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தது 2021 டிசம்பரில்.

நான் குன்னூர்க்காரன். அந்த மாதம் 8ஆம் தேதி மதியம், சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு வந்துகொண்டிருந்த ராணுவ ஹெலிகாப்டர் காட்டேரி பக்கம் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தும் அவர் மனைவியும் உட்பட 14 பேர் அதில் இருந்தார்கள். உயிரோடு மீட்கப்பட்ட குரூப் கேப்டன் வருண் சிங்கும் ஒரு வாரம் கழித்துப் பெங்களூரு மருத்துவமனையில் இறந்துபோனார். நஞ்சப்பசத்திரம் சின்ன ஊர், கூலிக்குப் போகிற ஜனம். சத்தம் கேட்டதும் குடத்திலும் வாளியிலும் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். வீட்டிலிருந்த கம்பளியையும் போர்வையையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதில் வைத்துத்தான் ஆட்களைத் தூக்கினார்கள். டிசம்பர் மாதம் இந்த மலையில் ஒரு கம்பளி என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் உடல்களை வெலிங்டனிலிருந்து சூலூருக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் ஜனம், கையில் பூ. நான் ரோட்டோரம் ஒரு டீக்கடை வாசலில் நின்றிருந்தேன். முதல் வண்டி வளைவில் தெரிந்ததும் கடைக்காரர் அடுப்பை அணைத்தார். ரேடியோவை நிறுத்தினார். ஷட்டரை இடுப்பு உயரத்துக்கு இழுத்துவிட்டு, குனிந்து வெளியே வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கும்பிட்டபடி நின்றார். வண்டிகள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசி வண்டி மறைந்த பிறகும் கையை இறக்கவில்லை. ரோட்டில் நசுங்கிய செவ்வந்தி கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஷட்டரைத் தூக்கி அடுப்பைப் பற்றவைத்தார். விடியற்காலையிலிருந்து பந்தோபஸ்தில் நின்ற ஒரு போலீஸ்காரப் பையன் வந்து டீ கேட்டான். போட்டுக் கொடுத்தார், காசு வாங்கிக் கல்லாவில் போட்டார். ரேடியோவை மட்டும் நான் கிளம்புகிறவரை போடவே இல்லை.

உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் அந்த ரேடியோதான். சவம் போகிற தெருவில் கடைக்காரர் நிறுத்துவது சத்தத்தை, டீயை அல்ல. உங்கள் கடைக்கு ஷட்டர் கிடையாது. அதனால் எதைப் பாதி இறக்குவது என்று தெரியாமல் மொத்தத்தையும் இழுத்து மூடிவிட்டீர்கள். உங்களிடம் இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று, கூவி அழைப்பது: ரீல், ஸ்டோரி, ஆஃபர், காசு கட்டி ஓடவிட்ட விளம்பரம். இன்னொன்று, கேட்டவருக்குக் கட்டி அனுப்புவது. முதலாவதை அன்றைக்கு நிறுத்துங்கள். இரண்டாவதை நிறுத்த எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

நிறுத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். தெருவில் கூவுகிறவனுக்குச் செய்தி காதில் விழுந்தால் தொண்டை தானாக அடைத்துக்கொள்ளும். ஆன்லைனில் நேரம் குறித்துவைத்த பதிவுக்கு அந்தத் தொண்டை கிடையாது. காசு கட்டிய விளம்பரம் நீங்கள் அழுதுகொண்டிருக்கும்போதும் ஓடும். வாட்ஸ்அப்பில் தானாகப் போகிற வணக்கச் செய்தியில் சிரிக்கிற பொம்மை இருந்தால், அண்ணனைப் பறிகொடுத்தவர் ஹலோ என்று அனுப்பினாலும் அந்தப் பொம்மைதான் போகும். எது எது தானாக ஓடுகிறது என்று ஒரு தாளில் எழுதி பேக்கிங் மேஜைக்கு மேலே ஒட்டிவையுங்கள். செய்தி கேட்டதும் அதைப் பார்த்து ஒவ்வொன்றாக நிறுத்தப் பத்து நிமிடம் ஆகும். நீங்கள் கை நடுங்க உட்கார்ந்திருந்தால் அக்காமாரில் ஒருவர் செய்யலாம்.

இப்போது அந்த நாற்பது பார்சல். அவர்கள் காசு கட்டிவிட்டார்கள். நீங்கள் அனுப்புவதாகச் சொன்னதாகிவிட்டது. உங்கள் தைலத்தை யார் வாங்குகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மதுரையிலோ திருச்சியிலோ முழங்காலில் தேய்த்துக்கொண்டு படுக்கிற ஓர் அம்மா. அவருக்கு மூன்று நாள் தைலம் போகாததால் பஹல்காமில் கணவனை இழந்த பெண்ணுக்கு எந்த ஆறுதலும் இல்லை. வர்க்கி விஷயம் இன்னும் மோசம். அடுப்பிலிருந்து இறங்கியது காத்திருக்காது. நாள்பட்டு மொறுமொறுப்பு போனதை அனுப்பி நல்ல பெயரைக் கெடுத்துக்கொள்ளவும் முடியாது, கொட்டவும் மனசு வராது. 12ஆம் தேதி அந்தப் பார்சல்கள் போயிருக்கலாம். பாட்டைப் போடாமல், சத்தமில்லாமல் மூடியை இறுக்கி, டேப் சுற்றி, கூரியர்க்காரர் வந்ததும் கொடுத்திருக்கலாம். வேலை செய்துகொண்டே துக்கப்படத் தெரிந்தவர்கள்தான் நம் பெண்கள். சாவு வீட்டில் யாரோ ஒருத்தி பின்கட்டில் வந்தவர்களுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டேதான் இருப்பாள்.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். செய்தி வந்த நேரம் முதல் மறுநாள் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்பது என் கணக்கு. அதற்கடுத்து, பாட்டும் ஆட்டமும் இல்லாமல், சரக்கு இருக்கிறது என்று சாதாரணமாகச் சொல்லலாம். தள்ளுபடிக் கொண்டாட்டம் அடுத்த வாரம்.

எதற்கு மூடுவது என்பது இதைவிடக் கஷ்டமான கேள்வி. டிவி எதை எத்தனை நாள் காட்டுகிறதோ அதைப் பொறுத்து நம் துக்கம் நீளக் கூடாது. 2009 நவம்பரில் நம் மலையிலேயே மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் புதைந்துபோனார்கள். டெல்லியில் யாரும் கடை மூடவில்லை. நாமும் அதை எதிர்பார்க்கவில்லை. ரோட்டைத் திறந்துவிடுங்கள், கேரட்டும் முட்டைகோஸும் கீழே இறங்கட்டும், அதுதான் நம் கோரிக்கையாக இருந்தது.

2024 ஜூலை 30 வயநாட்டுச் சரிவு வேறு மாதிரி. முண்டக்கையும் சூரல்மலையும் நமக்கு டிவியில் பார்க்கிற ஊர்கள் இல்லை. கூடலூர், பந்தலூர் பக்கம் பாதிப் பேருக்கு அங்கே ஒரு சொந்தம் இருக்கும். இங்கிருந்து வேலைக்குப் போனவர்களும் அதில் மாண்டார்கள். உங்கள் பேக்கிங் அறையில் உட்காரும் மூன்று பேரில் ஒருவருக்கு அப்படி ஒரு போன் வந்தால், அன்று ஆர்டரும் வேண்டாம், கூரியரும் வேண்டாம். கறுப்புப் படம்கூட வேண்டாம். கதவைச் சாத்திவிட்டு அவரோடு கிளம்புங்கள். காசு கட்டியவர்களிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம். எங்கள் வீட்டுச் சாவு என்று சொன்னால் புரியாத தமிழர் கிடையாது.

பஹல்காமைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்களும் நம்மைப்போல் மலையை நம்பிப் பிழைக்கிறவர்கள். மறுநாள், 23ஆம் தேதி, காஷ்மீர் முழுக்கக் கடைகளை அடைத்தார்கள். அந்த அடைப்புக்கு ஓர் அர்த்தம் இருந்தது. எங்கள் மண்ணில் விருந்தாளியைக் கொன்றதை நாங்கள் ஏற்கவில்லை என்று அவர்கள் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்ல அவர்கள் கையில் இருந்தது ஷட்டர்தான். செத்த 26 பேரில் ஒருவர் அங்கே குதிரை ஓட்டிப் பிழைத்த உள்ளூர்க்காரர். அதற்கப்புறம் நடந்ததையும் பாருங்கள். 87 சுற்றுலா இடங்களில் 48ஐப் பாதுகாப்புக்காக அரசு மூடியது. வந்திருந்தவர்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். சீசன் நேரத்தில் குதிரைக்காரர், சால்வைக்காரர், ஓட்டல்காரர் எல்லோரும் வெறும் கையோடு உட்கார்ந்தார்கள். ஊட்டி படகு இல்லத்துப் பக்கம் குதிரை வைத்திருப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வருகிறது. ஒரு நாள் அவர்களாக மூடினார்கள். மிச்ச நாளெல்லாம் மூடும்படி ஆனது. இந்த இரண்டையும் ஒரே சொல்லால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நிவாரணத்துக்குக் கொடுக்கிறோம் என்று சொல்லி விற்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த முறை யாராவது யோசனை சொல்வார்கள். கொடுக்க நினைத்தால் உங்கள் கையிலிருந்து கொடுங்கள். “வாங்கினால் ஒரு பங்கு நிவாரணத்துக்கு” என்று போடுவதாக இருந்தால், பாட்டிலுக்கு எத்தனை ரூபாய், எந்த நிதிக்கு, எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். கட்டிய ரசீதை வாங்கியவர்களுக்கெல்லாம் அனுப்புங்கள். அது முடியாது என்றால் அந்தப் பேச்சே எடுக்காதீர்கள். இறந்தவர்கள் பெயரில் தள்ளுபடிக் குறியீடு வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

கமெண்ட் போட்டவரை மன்னித்துவிடுங்கள். அவரும் அன்று மதியம் அதே டிவியைப் பார்த்தவர்தான். கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாத நேரத்தில் உங்கள் ரீல் முன்னால் வந்துவிட்டது. “முன்பே நேரம் குறித்துவைத்தது, கவனிக்கத் தவறிவிட்டேன், எடுத்துவிட்டேன், மன்னிக்கவும்” என்று நான்கு சொல் போதும். உங்கள் நாட்டுப்பற்றை அவருக்கு நிரூபிக்க மூன்று நாள் வியாபாரத்தைக் கொடுத்திருக்க வேண்டியதில்லை.

அந்த மூன்று நாளில் உங்களுக்குப் போனது லாபம். தினக்கூலிக்கு வருகிறவர்களுக்குப் போனது அரிசி, பிள்ளைகளின் பஸ் காசு. அவர்கள் மூடச் சொல்லவில்லை. அந்த நாட்களின் கூலியைக் கொடுத்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. கொடுத்திருக்காவிட்டால் இந்தச் சனிக்கிழமைக் கூலியோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணன்