"அந்த ரசத்துக்கு…" என்றால் எதை எடுத்துக் கொடுப்பது?

கேள்வி: கல்யாணமாகி ஆறு மாதம் ஆகிறது. கணவர் வீட்டில் யாருமே எதையும் முழுசாகச் சொல்வதில்லை. மாமியார் அடுப்படியில் நின்றபடி "அந்த ரசத்துக்கு…" என்று இழுப்பார். நாத்தனார் சட்டென்று கொத்தமல்லியை நீட்டுவாள். நான் "என்ன அத்தை?" என்று கேட்டுக்கொண்டு நிற்பேன். எனக்குப் புரிந்துகொள்ளும் திறன் குறைவா? இதைப் பழகிக்கொள்ள வழி உண்டா?

பதில்: திறன் குறைவெல்லாம் இல்லை. உங்கள் நாத்தனார் காதை மட்டும் நம்பவில்லை, அடுப்பையும் பார்த்தாள். ரசம் நுரை கட்டி வருகிறது, கொதிக்க விடக் கூடாது, அந்த நிமிடத்தில் அதற்கு வேண்டியது கொத்தமல்லி. அதே "ரசத்துக்கு…" அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் புளியை எடுத்து ஊறப் போட்டிருப்பாள். அந்த அடுப்படியில் அவள் வளர்ந்தவள். நீங்கள் ஆறு மாதமாகத்தான் நிற்கிறீர்கள்.

ஆனால் மாமியார் சொன்ன அரை வாக்கியத்திலும் சரக்கு இருக்கிறது. "ரசத்துக்கு…" என்றால் ரசத்தில் ஏதோ சேர வேண்டும். "ரசத்தை…" என்றால் பெரும்பாலும் இறக்கச் சொல்கிறார். "ரசத்துல…" என்றால் உப்போ பெருங்காயமோ போட்டாயிற்றா என்ற விசாரணை. வினை வாய்க்கே வரவில்லை; வேற்றுமை உருபு பாதி வேலையை முடித்துவிட்டது. நம்மைப் போலவே வினையைக் கடைசியில் வைக்கும் ஜப்பானிய மொழியில் இதைச் சோதித்து 2003-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. படத்தைப் பார்த்துக்கொண்டே வாக்கியத்தைக் கேட்டவர்கள், 'பணிப்பெண் வாடிக்கையாளருக்கு' என்பதற்கு ஈடான சொற்கள் காதில் விழுந்ததுமே, இன்னும் பெயர் சொல்லப்படாத தின்பண்டத்தின் பக்கம் கண்ணை ஓட்டினார்கள். 'க்கு' வந்துவிட்டது, கொடுக்க ஒரு பொருள் வந்தாக வேண்டும் என்ற கணக்கு.

இப்படி முந்திக்கொள்ளாவிட்டால் பேச்சே நடக்காது. ஒருவர் கேட்டு முடிப்பதற்கும் மற்றவர் பதில் தொடங்குவதற்கும் இடையே சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் இடைவெளி என்று 10 மொழிகளை ஒப்பிட்ட 2009 ஆய்வு காட்டியது. ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே அரை நொடிக்கு மேல் ஆகும். ஆகவே எதிராளி முடிக்கும் முன்பே நாம் முடிவை ஊகித்து, பதிலைத் தயார் செய்ய ஆரம்பித்துவிடுகிறோம்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? "என்ன?" என்று மொட்டையாகக் கேட்பதை மட்டும் விடுங்கள். அது முழுச் சுமையையும் அவர் தலையில் திருப்பிப் போடுகிறது. காதில் விழுந்த பாதியைக் கையில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்: "ரசத்துக்கு மல்லியா அத்தை, இல்ல நெய்யா?" 12 மொழிகளை ஆராய்ந்த 2015 ஆய்வு ஒன்றில், அன்றாடப் பேச்சில் சராசரியாக ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு முறை யாராவது இப்படி விளக்கம் கேட்பது தெரிந்தது. எல்லா மொழிகளிலும் மக்கள் முடிந்தவரை குறிப்பாகவே கேட்கிறார்கள். ஊகம் தப்பினாலும் நஷ்டமில்லை. "இல்லம்மா, கறிவேப்பிலை" என்று பதில் வரும், அடுத்த முறைக்கு உங்களுக்கும் ஒரு தகவல் சேரும்.

வேண்டுமென்றே பாதியில் விடப்படும் வாக்கியங்களும் உண்டு; அவை வேறு ரகம். "குழம்பு நல்லாத்தான் இருக்கு…" என்று 'தான்' நீண்டால் பின்னால் ஓர் 'ஆனா' ஒளிந்திருப்பது நமக்கெல்லாம் தெரியும். (இதை மட்டும் எந்த மருமகளுக்கும் யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை!) தொல்காப்பியம் எஞ்சிய பொருளைத் தரும் சொற்களைப் பத்தாக வகுத்து, இதற்கு 'ஒழியிசை' என்று ஓர் இடமே ஒதுக்கியிருக்கிறது. 'கூரியதோர் வாள்மன்' என்பது உரைகாரர்கள் காட்டும் உதாரணம். வாள் கூர்மைதான், ஆனால் அதில் ஏதோ குறை. அந்தக் குறையைக் கேட்பவர் நிரப்பிக்கொள்ள வேண்டும். அதேபோல, "ஒண்ணாந்தேதி வரைக்கும் ஒரு ஐயாயிரம்…" என்று உறவினர் இழுத்தால், கேட்கக் கூச்சப்பட்டு முடிப்பதை உங்களிடம் விடுகிறார். கொடுக்க மனமிருந்தால் நீங்களே முடித்து வையுங்கள், அவருக்கு மரியாதை. மனமில்லையென்றால் புரியாதது போல இருந்துவிடுவதில் தப்பில்லை என்பது என் கட்சி.

மருந்து விஷயத்தில் மட்டும் ஊகமே வேண்டாம். "அந்த ராத்திரி மாத்திரையை…" என்று மாமனார் சொன்னால், சாப்பிட்டாயிற்று என்கிறாரா, எடுத்து வா என்கிறாரா, வாங்க வேண்டும் என்கிறாரா என்று வாய்விட்டுக் கேட்டு, அட்டையைக் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம், நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று சொல் வராமல் தடுமாறினாலோ, நாக்கு குழறினாலோ, அதைப் பேச்சுப் பழக்கம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கவாதத்தின் அறிகுறியாக இருக்கலாம்; உடனே 108-ஐ அழையுங்கள்.