குளத்துப்புழைக் கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

தென்மலையில் கடை வைத்திருக்கிறேன். இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு, கேரளத்துக் குளத்துப்புழையின் அரசு ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட தமிழர்களான சிலோன்காரர்களைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். விரட்டியது இலங்கை, காட்டைத் திருத்தி, வீடு கட்டி, வேலையும் கொடுத்தது நம் வரிப்பணம். இங்கேயே பிறந்த ஏழைக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. அந்தச் செலவை இலங்கைதானே ஏற்றிருக்க வேண்டும்? இல்லையென்றால், வந்தவர்களாவது சிறிது சிறிதாகத் திருப்பித் தந்திருக்கலாமே?

க., தென்மலை

அன்புள்ள க.,

உங்கள் முதல் கேள்வி நியாயமானது. இலங்கை பணம் தந்திருக்க வேண்டும் என்றே நானும் நினைக்கிறேன்.

1948-இல் இலங்கையின் ஒரு சட்டம், அங்கே தேயிலைத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்துகொண்டபோது அந்தத் தமிழர்கள் 9,75,000 பேர் என்று கணக்கிட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வாசலில் நின்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

அந்த ஒப்பந்தத்தில் பணத்தைப் பற்றிய பகுதியைப் படித்தபோது எனக்கு நெஞ்சு எரிந்தது. அந்நியச் செலாவணி விதிகளுக்கு உட்பட்டு ஒரு குடும்பம் தன் சேமநிதியையும் பணிக்கொடையையும் கொண்டுபோகலாம். அந்த உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கமாட்டோம் என்கிறது. அவர்கள் உழைத்துச் சேர்த்த அவர்களுடைய பணத்துக்குத்தான் இந்த வரம்பு! அந்தக் காலத்தில் இலங்கையின் ஏற்றுமதி வருவாயைத் தாங்கி நின்றது தேயிலை. 1975-இல் அரசுடைமையாகும் வரை லண்டன் கம்பெனிகளும் அந்தத் தோட்டங்களில் லாபம் எடுத்தன. கொழுந்து பறித்த கைகளுக்கு வழிச்செலவு கொடுக்கும் கடமை இவர்கள் எல்லோருக்கும் இருந்தது. அதைக் கேட்டு வாங்காமல் கையெழுத்திட்டது டெல்லி. அண்டை நாட்டின் நட்பை டெல்லி விரும்பியிருக்கலாம். அப்படியானால் அந்த நட்பின் விலையை டெல்லிதான் முழுவதும் கொடுக்க வேண்டும். வெளியுறவும் குடியுரிமையும் மத்திய அரசின் கையில் இருப்பவை, நிலமோ மாநிலத்தினுடையது. உங்கள் ஊர் ஏழையின் மனக்குறை இந்த இடத்தில்தான் பிறக்கிறது. 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த அகதிகளுக்குத் தமிழ்நாட்டு முகாம்களில் தரப்படும் உதவித்தொகையை மாநிலம் செலவிட, மத்திய அரசு ஈடுசெய்கிறது. அந்த முறையே சரி என்பது என் எண்ணம்.

இரண்டாவது கேள்வியை என்னால் ஏற்க முடியவில்லை. குளத்துப்புழையிலும் ஆயிரநல்லூரிலும் அரசு போட்ட பணம் என்ன ஆனது? மரமாக நின்றது. 1972-இல் கேரள வனத்துறை தொடங்கிய நடவு அது. 1976-இல் மத்திய அரசும் கேரள அரசும் பங்குப் பணம் போட்டு அதற்கென்று ஒரு நிறுவனத்தைப் புனலூரில் அமைத்தன. ரப்பர் கன்று நட்டால் பால் வெட்ட ஏறக்குறைய ஏழு ஆண்டு ஆகும். அதுவரை குழி எடுத்ததும் களை வெட்டியதும் மழைக்காலத்து அட்டைக்கடியும் இலங்கையிலிருந்து வந்தவர்களுடையவை. பிறகு விடிவதற்குள் கத்தியோடு மரத்தடிக்குப் போக வேண்டும். சீவல் ஆழமாக இறங்கினால் மரம் கெடும், மேலோட்டமாக இருந்தால் பால் வராது. அந்தப் பாலும், பட்டையிலும் சிரட்டையிலும் உறைந்த ஒட்டுப்பாலும் நிறுவனத்துக்குப் போயின. நிலமும் மரமும் இன்றுவரை அரசின் சொத்து. வேலை செய்தவர்கள் பெற்றது கூலி. தோட்டம் போட்ட முதலைக் கூலிக்காரரிடம் திருப்பிக் கேட்கும் முதலாளி உலகத்தில் உண்டா?

சென்ற ஆண்டு அந்தப் பக்கத்து லயம் ஒன்றில் ஒரு மூதாட்டியைச் சந்தித்தேன். டிரங்குப் பெட்டியிலிருந்து பழுப்பேறிய குடும்ப அட்டையை எடுத்துக் காட்டினார். தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது மடியில் கைக்குழந்தை. ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு மலையாளம் பேசும் இந்தக் காடு. “ஊருக்குப் போகிறோம் என்றார்கள், ஐயா. எந்த ஊர் என்று யாரும் சொல்லவில்லை” என்றார். அவர் பிறந்தது இலங்கை மலையகத்தில், அட்டனுக்குப் பக்கத்தில். அதுவரை இந்தியாவையே பார்த்ததில்லை.

தோட்டத்து வீடு வேலையோடு சேர்ந்தது. அவர் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. மகன் பால் வெட்டுவதால் அந்த ஒற்றை அறை நிற்கிறது. மகனுக்கும் ஓய்வு நெருங்குகிறது. பேரனுக்குத் தோட்டத்தில் வேலை இல்லை. அந்த லயத்துக்காரர்கள் நாலு சென்ட் நிலம் கேட்டு அரசுக்கு மனு எழுதிவைத்திருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் என்ன சொல்வார்களோ என்ற தயக்கத்தில் இன்னும் கொடுக்கவில்லை. உங்கள் ஊரில் நிலமில்லாதவர்களின் பெயர்களையும் அதில் சேர்த்து, முதல் கையெழுத்தை நீங்கள் போட்டுத் தர முடியுமா? சம்மதம் என்றால் எழுதுங்கள், நானும் கூட வருகிறேன்.

அன்புடன்.