புது பேட்டரி போட்டும் ‘டக்’ சத்தம் மட்டும் வருகிறதா?

ஸ்டார்ட்டர் மோட்டாரை இப்போதைக்கு வாங்காதீர்கள், முதலில் எர்த் வயரைப் பாருங்கள். சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று நின்றுவிடுகிறது, ஹெட்லைட் மட்டும் மங்காமல் எரிகிறதா? வருடக்கணக்கில் சும்மா நின்ற வண்டியில் பாடியையும் இன்ஜினையும் இணைக்கும் இந்த எர்த் வயரின் போல்ட்டடியில் துரு ஏறியிருந்தால் இப்படித்தான் ஆகும்.

நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக் போடுங்கள். மல்டிமீட்டர் டிசி வோல்ட்டில். ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் முனையில் (அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்பில் அல்ல), மற்றது இன்ஜினின் சுத்தமான உலோகத்தில். வேறொருவர் சாவியைத் திருப்பட்டும். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கோளாறேதான். பேட்டரியைக் கழற்றிவிட்டு, வெள்ளை உலோகம் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள்.

ஒன்று, மீட்டர் அசையவே இல்லையென்றால் எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். சோலனாய்டு (ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) தேய்ந்து மின்சாரமே போகாவிட்டாலும் அப்படித்தான் காட்டும்.