மறுவெளியீட்டில் கீச்சுக் குரல்: சுழல்வேகக் கோளாறா?

‘ஐ ஹியர் எ நியூ வேர்ல்ட்’ இசைத்தொகுப்பின் விரிவான மறுவெளியீட்டில் குரல்கள் கீச்சிடுவது பெரும்பாலும் உங்கள் இசைத்தட்டுக் கருவியின் கோளாறு அல்ல. வேற்றுலகவாசிகளின் பேச்சாக ஒலிக்க வேண்டுமென்றே, பிரிட்டிஷ் இசைத் தயாரிப்பாளர் ஜோ மீக் 1960 வாக்கில் ஒலிநாடாவின் வேகத்தைக் கூட்டி அக்குரல்களை உருவாக்கினார். அவர் அவ்வளவு பாடுபட்டு அமைத்த அந்த ஒலியை, வேகத்தைக் குறைத்துத் ‘திருத்தி’விடாதீர்கள்.

ஐயம் தீர, ஒரு பாடலின் நீளத்தை உறையில் அச்சிட்ட நேரத்தோடு ஒப்பிடுங்கள். நிமிடத்துக்கு 33⅓ சுழற்சிக்குரிய தட்டு 45 சுழற்சியில் ஓடினால், மூன்று நிமிடப் பாடல் ஏறத்தாழ 2 நிமிடம் 13 நொடியிலேயே முடிந்துவிடும்.

பழைய தட்டோடு ஒப்பிட நினைத்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 1960இல் விற்பனைக்கு வந்தது நான்கு பாடல்கள் கொண்ட சிறுதட்டு மட்டுமே, முழுத் தொகுப்பு 1991இல்தான் வெளியானது.