பழைய 486-க்கு 133 மெகாஹேர்ட்ஸ் சிப்: பூட்டியபின் எப்படிச் சோதிப்பது? (கேள்வி பதில்)

பண்டாரவளையில் பழைய கணினிகளைத் திருத்திக் கொடுப்பவன் நான். 66 மெகாஹேர்ட்ஸ் 486 டிஎக்ஸ்2 புரொசசர் சிப் இருந்த ஒரு கணினியில் ஏஎம்டியின் 5எக்ஸ்86, அதாவது 133 மெகாஹேர்ட்ஸ் மேம்படுத்தல் சிப்பைப் பூட்டினேன் என்று சொன்னதும் மலையகத்தின் பல ஊர்களிலிருந்து கேள்விகள் வந்தன. எல்லாருக்கும் சேர்த்து இங்கே பதில். முதலிலேயே ஒன்று: புது சிப் எவ்வளவு வேகம் என்பது இரண்டாவது கேள்வி. அது போடும் கணக்கு சரியா என்பதுதான் முதல் கேள்வி.

ஹப்புத்தளையிலிருந்து: சிப்பைப் பூட்டுவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

மதர்போர்டில் கீபோர்ட் சொக்கெட் பக்கமாக நீல நிறத்தில் உருளையாக ஒரு பற்றரி இருக்கிறதா பாருங்கள். 3.6 வோல்ட் நிக்கல்-கட்மியம் பற்றரி அது. பல வருடம் சும்மா கிடந்திருந்தால் கசிந்து, சுற்றியுள்ள செப்புத் தடங்களில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். நம் ஊர் ஈரத்தில் அது இன்னும் வேகமாகப் பரவும். பற்றரியை வெட்டி எடுத்துவிட்டு, வினிகர் தொட்ட பஞ்சால் களிம்பைத் துடைத்து, அப்புறம் ஐசோபுரோபைல் அல்கஹாலால் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். தடம் அறுந்திருந்தால் அதைச் சரிசெய்யாமல் மேம்படுத்தல் பக்கமே போக வேண்டாம்.

அடுத்தது, பழைய சிப் இருக்கும்போதே கீழே சொல்லும் எல்லாச் சோதனைகளையும் ஒரு தடவை ஓட்டி, முடிவுகளைக் கொப்பியில் எழுதி வையுங்கள். பலரும் இதைச் செய்வதில்லை. அப்புறம் ஏதாவது பிழை வந்தால், அது புது சிப்பால் வந்ததா, பழைய ரேமில் முன்பே இருந்ததா என்று சொல்ல வழியே இருக்காது.

தலவாக்கலையிலிருந்து: என் போர்ட் 5 வோல்ட் மட்டும் கொடுக்கும் பழைய போர்ட். சிப்பை நேரடியாகச் செருகலாமா?

கூடாது. 5எக்ஸ்86 சிப்புக்கு 3.45 வோல்ட்தான். 5 வோல்ட் கொடுத்தால் சிப் செத்துப்போகும். வோல்டேஜைக் குறைக்கும் ரெகுலேட்டர் உள்ள அடாப்டர் வேண்டும். தனியாகக் கழற்றக்கூடிய அடாப்டர் என்றால், சிப் இல்லாமல் அதை மட்டும் செருகி, ரெகுலேட்டரின் வெளியீட்டை மல்டிமீட்டரால் அளந்துவிட்டுப் பிறகு சிப்பை வையுங்கள். சிப்பின் வெட்டிய மூலையும் சொக்கெட்டின் முதலாம் பின் மூலையும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். திருப்பிச் செருகி கரண்ட் கொடுத்தால் இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது.

ஹட்டனிலிருந்து: அண்ணா, நான் ஏ.எல். படிக்கிறேன். சிப்பில் 133 என்று இருக்கிறது, ஆனால் கணினி தொடங்கும்போது "486 டிஎக்ஸ்4-100" என்று காட்டுகிறது. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

அவசரப்பட வேண்டாம் தம்பி. இரண்டு காரணம் இருக்கலாம். இந்தச் சிப் 1995 இறுதியில்தான் வந்தது. உங்கள் போர்டின் பயோஸ் (கணினியைத் தொடங்கி வைக்கும் உள் நிரல்) அதற்கு முந்தியது என்றால், அதற்கு இந்தச் சிப்பின் பெயரே தெரியாது. தெரிந்ததில் நெருங்கியதைக் காட்டும். அது வெறும் பெயர்ப் பிரச்சினை.

மற்றது, சிப் உண்மையிலேயே 100-இல் ஓடுவது. போர்ட் கொடுக்கும் 33 மெகாஹேர்ட்ஸை இந்தச் சிப் நான்கால் பெருக்கினால் 133, மூன்றால் பெருக்கினால் 100. எதனால் பெருக்குவது என்பதைப் போர்டில் உள்ள ஒரு ஜம்பர் (கம்பி முனைகளை இணைக்கும் சிறு மூடி) தீர்மானிக்கிறது. இங்கேதான் குழப்பம்: பழைய போர்டில் அந்த ஜம்பரை "இரண்டு மடங்கு" என்ற இடத்தில் வைத்தால்தான் இந்தச் சிப் நான்கு மடங்கில் ஓடும். "மூன்று மடங்கு" என்று வைத்தால் மூன்றுதான்.

எது என்று அறிய, சிப்பின் அடையாள எண்ணைக் காட்டும் ஒரு டொஸ் நிரலை ஓட்டுங்கள். 484 அல்லது 494 என்று வந்தால் மூன்று மடங்கு. 4ஈ4 அல்லது 4எஃப்4 என்று வந்தால் நான்கு மடங்கு. அதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும், திரையில் வரும் பெயரை வைத்து அல்ல.

நுவரெலியாவிலிருந்து: பாடசாலையில் ஒதுக்கிப் போட்டிருந்த 486-க்கு மாணவர்களோடு சேர்ந்து இந்தச் சிப்பைப் பூட்டினோம். நன்றாக வேகமாக ஓடுகிறது. ஆனால் ஃப்ளொப்பியில் பிரதி எடுத்த கோப்புகள் சில நேரம் திறக்கவில்லை. ஃப்ளொப்பி டிரைவ் பழுதா?

டீச்சர், மாணவர்களோடு செய்தீர்கள் என்பதில் எனக்கு மெத்த சந்தோசம். டிரைவைக் குறை சொல்வதற்கு முன் கேஷைப் பாருங்கள்.

இந்தச் சிப்புக்குள் 16 கிலோபைட் கேஷ், அதாவது தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் வேகமான சிறு நினைவகம், இருக்கிறது. அது இரண்டு விதமாக வேலை செய்யும். முதல் விதத்தில், சிப் எழுதுவது கேஷுக்கும் ரேமுக்கும் உடனுக்குடன் போகும். இதை ரைட்-த்ரூ என்பார்கள். இரண்டாவது விதத்தில், எழுதியதைக் கேஷிலேயே வைத்திருந்து தேவைப்படும்போதுதான் ரேமுக்கு அனுப்பும். இது ரைட்-பேக். இரண்டாவதுதான் வேகம்.

ஃப்ளொப்பி டிரைவ் சிப்பைக் கேட்காமல் டிஎம்ஏ என்ற தனி வழியாக நேரே ரேமிலிருந்து எடுக்கும். போர்ட் ரைட்-பேக்கை ஒழுங்காக ஆதரிக்கவில்லை என்றால், புதிய தரவு இன்னும் கேஷில் இருக்கும், ஃப்ளொப்பியோ ரேமில் உள்ள பழைய தரவை எழுதிக்கொண்டு போகும். திரையில் எந்தப் பிழைச் செய்தியும் வராது. வேகச் சோதனை எல்லாவற்றிலும் நல்ல புள்ளி வாங்கும் ஒரு கணினி, பிள்ளைகளின் கோப்புகளைச் சத்தமில்லாமல் கெடுத்துக்கொண்டிருக்கும். எனக்கு இந்தக் கோளாறைப் போல வெறுப்பானது வேறில்லை.

இப்படிச் சோதியுங்கள். ஒரு மெகாபைட் அளவுள்ள ஒரு ஜிப் கோப்பை ஃப்ளொப்பியில் பிரதி எடுங்கள். அதே கணினியில் திரும்ப வாசித்துப் பார்ப்பது போதாது, ஏனென்றால் வாசிக்கும்போதும் அதே கேஷ் குறுக்கே நிற்கும். ஃப்ளொப்பியை வேறொரு கணினிக்குக் கொண்டுபோய், மூலக் கோப்பின் நல்ல பிரதியோடு எஃப்சி கட்டளையின் பைனரி முறையில் ஒப்பிடுங்கள். ஒரு பைட் வித்தியாசம் என்றாலும் பட்டியல் போட்டுக் காட்டும். அப்புறம் போர்டின் ஜம்பரிலோ பயோஸிலோ உள் கேஷை ரைட்-த்ரூவுக்கு மாற்றி, அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பிழை மறைந்துவிட்டால் டிரைவ் நிரபராதி. ரைட்-த்ரூவிலேயே விட்டுவிடுங்கள். கொஞ்சம் வேகம் குறையும், குறையட்டும்.

நாவலப்பிட்டியிலிருந்து: டூம் விளையாட்டில் பெரிய வித்தியாசம் தெரியவில்லையே?

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அளந்து பாருங்கள். டூம் கட்டளையோடு டைம்டெமோ டெமோ3 என்று சேர்த்து ஓட்டினால், முடிவில் 2134 கேம்டிக்ஸ், இத்தனை ரியல்டிக்ஸ் என்று காட்டும். ரியல்டிக்ஸ் என்பது எடுத்த நேரம், ஒரு விநாடிக்கு 35 டிக் என்ற கணக்கில். 74690-ஐ அந்த ரியல்டிக்ஸால் வகுத்தால் ஒரு விநாடிக்கு எத்தனை படம் என்று வரும். ரியல்டிக்ஸும் 2134 என்றால் சரியாக 35.

இரண்டு சிப்பிலும் எண் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், உங்கள் வீடியோ கார்ட் எந்தச் சொருகியில் இருக்கிறது என்று பாருங்கள். ஐஎஸ்ஏ சொருகி சுமார் 8 மெகாஹேர்ட்ஸ்தான். சிப் எவ்வளவு ஓடினாலும் படம் அந்த ஒடுங்கிய பாதையால்தான் போக வேண்டும். விஎல்பி அல்லது பிசிஐ என்ற வேகமான சொருகியில் கார்ட் இருந்தால்தான் விளையாட்டில் முழுப் பயன் தெரியும். ஜிப் சுருக்குவது, நிரல் கம்பைல் செய்வது போன்ற வேலைகளில் இப்போதே வித்தியாசம் இருக்கும்.

ராகலையிலிருந்து: எங்கள் பக்கம் எப்போதும் குளிர். ஃபேன் இல்லாமல் ஓட்டலாமா?

கூடாது, ஃபேன் போடுங்கள். நுவரெலியா பக்கம் சராசரி வெப்பம் 16 பாகை அளவுதான், அது நமக்கு நல்லது. ஆனால் 1868 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மெலிந்த காற்று சூட்டையும் குறைவாகவே கொண்டுபோகும். சிப் மட்டுமல்ல, 5 வோல்டை 3.45 ஆக்கும் ரெகுலேட்டரும் அந்த வித்தியாசத்தைச் சூடாகத்தான் கழிக்கிறது. அதையும் தொட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. பெட்டியின் மூடியைத் திறந்து வைத்து, காலை ஏழு மணிக் குளிரில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு "பாஸ்" என்று சொல்லாதீர்கள். மூடியைப் பூட்டி, மத்தியானத்தில் ஒரு மணித்தியாலமாவது ஜிப் சோதனையையும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலையும் மாறி மாறி ஓட்டுங்கள். கணினி நாளைக்கு கொழும்புக்குப் போகிறது என்றால் இது கட்டாயம்.

மஸ்கெலியாவிலிருந்து: தம்பி, நான் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். செக்ரோல் (தோட்டத் தொழிலாளர் சம்பளப் பதிவு) போட ஒரு பழைய டொஸ் நிரல் வைத்திருக்கிறேன், டர்போ பாஸ்கலில் எழுதியது. வேகமான சிப்பில் "ரன்டைம் எரர் 200" வரும் என்கிறார்கள். நிறுத்திவிடுவதா?

ஐயா, பயப்பட வேண்டாம். டர்போ பாஸ்கலின் சிஆர்டி பகுதி தொடங்கும்போது, 55 மில்லிவிநாடியில் ஒரு சுற்று எத்தனை முறை ஓடுகிறது என்று எண்ணி 55-ஆல் வகுக்கும். விடை 65535-ஐத் தாண்டினால் அந்தப் பிழை. அது சுமார் 200 மெகாஹேர்ட்ஸும் அதற்கு மேலும் உள்ள பென்டியம் வகைகளில் வருவது. 133 மெகாஹேர்ட்ஸ் 486 வகைச் சிப் அந்த எல்லைக்குப் போகாது.

ஆனால் உங்கள் நிரலுக்கு நான் சொல்லும் சோதனை வேறு. பழைய சிப்பில் ஒரு மாதக் கணக்கை முழுவதும் போட்டு அச்செடுங்கள். பெயர் நாள், கைக்காசு, பிடிப்பு எல்லாம் வரட்டும். புது சிப்பிலும் அதே மாதத்தைப் போட்டு, இரண்டு தாளையும் வரிவரியாக ஒப்பிடுங்கள். சதக் கணக்கு வரைக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு எந்தச் சோதனை நிரலும் உங்களுக்கு இதைவிட நம்பிக்கை தராது.

கண்டியிலிருந்து: லண்டனிலிருந்து மாமா கொண்டுவந்த அமிகா 500 கணினியில் ஆக்ஸிலரேட்டர் (வேகத்தைக் கூட்டும் கார்ட்) பூட்டினேன். மஞ்சள் திரையோடு நிற்கிறது.

அமிகா 486 அல்ல, வேறு வகைக் கணினி. அது தொடங்கும்போது காட்டும் நிறத்துக்கு அர்த்தம் உண்டு. சிவப்பு என்றால் ரொம்மில் கோளாறு, பச்சை என்றால் சிப் ரேமில் (படமும் ஒலியும் பயன்படுத்தும் நினைவகம்) கோளாறு, மஞ்சள் என்றால் பிழையைக் கையாளும் பகுதி தயாராகும் முன்பே புரொசசர் தடுக்கி விழுந்தது. பழைய 68000 சிப்பை 64 கால் சொக்கெட்டில் திரும்ப வையுங்கள். அது ஓடினால், ஆக்ஸிலரேட்டரின் கால்கள் சரியாகப் பதியவில்லை என்பதுதான் முதல் சந்தேகம். சொக்கெட்டைத் துடைத்து, நேராக, மெதுவாக அழுத்திப் பூட்டுங்கள். திரை வந்தபின் சிஸ்இன்ஃபோ நிரலில் வேகத்தையும், ஃபாஸ்ட் ரேம் (புரொசசருக்கான தனி நினைவகம்) கணக்கில் வருகிறதா என்பதையும் பாருங்கள்.

லிந்துலையிலிருந்து: சோதனை ஓடும்போது கரண்ட் போனால்?

டிஸ்கில் எழுதும் சோதனை என்றால் கோப்பு கெடலாம். அதனால் முக்கியமான கோப்புகள் உள்ள டிஸ்கைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி தொடங்கினால் பிளக்கையே கழற்றுங்கள்.

பதுளையிலிருந்து: கழற்றிய டிஎக்ஸ்2-வை விற்றுவிடலாமா?

விற்க வேண்டாம். அடுத்த தடவை கணினி தொடங்காமல் நின்றால், கோளாறு சிப்பிலா போர்டிலா என்று பார்க்க அதுதான் தேவைப்படும். கால்கள் வளையாதபடி கறுப்பு ஸ்பொஞ்சில் குத்தி, ஒரு டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள். அதற்குரிய ஜம்பர் நிலைகளை ஒரு துண்டில் எழுதி அதே டப்பாவுக்குள் போடுங்கள்.