மாதச் சம்பளமும் மாத இதழ்களும்: ஒரு வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நான் தேவகோட்டையில் இருக்கிறேன். சிவகாசியிலிருந்து தமிழில் வரும் முத்து, லயன் காமிக்ஸ்களைச் சித்தப்பா சேர்த்து வைத்திருந்தார்; அவற்றைப் படித்து வளர்ந்தவன். ஸ்பைடரும் இரும்புக்கை மாயாவியும் இன்னும் மனப்பாடம். இப்போது காரைக்குடியில் வேலை கிடைத்திருப்பதால், மாதம் 2,000 ரூபாயை அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸுக்கு ஒதுக்கலாம் என்று நினைக்கிறேன். மாதா மாதம் வரும் புது இதழ்களில் எவற்றை வாங்குவது என்று ஒரு பட்டியல் தர இயலுமா? சிங்கப்பூரில் இருக்கும் அத்தை மகன் வாங்கி வைத்து, ஊருக்கு வரும்போதெல்லாம் கொண்டு வருவதாகச் சொல்கிறார். ஐம்பது அறுபது ஆண்டுக் கதை தெரியாமல் நடுவில் நுழைந்தால் புரியுமா என்ற தயக்கமும் இருக்கிறது. இந்தப் புத்தகங்கள் பின்னாளில் விலை ஏறுமா என்று அப்பச்சி கேட்கிறார்கள். அதற்கும் ஒரு பதில் சொன்னால் வீட்டில் அனுமதி கிடைப்பது எளிதாக இருக்கும்.

அன்புடன்,
எஸ்., தேவகோட்டை

அன்புள்ள தம்பி,

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஓர் அமெரிக்க மாத இதழின் அட்டை விலை இன்று பெரும்பாலும் 4 முதல் 5 டாலர் வரை இருக்கிறது. அதில் கதைக்கு உரிய பக்கங்கள் ஏறத்தாழ 20, மிச்சம் விளம்பரம். ஆகவே உங்கள் 2,000 ரூபாய்க்கு மாதம் நான்கு இதழ்கள் வரலாம். அஞ்சல் செலவையோ கடைக்காரரின் லாபத்தையோ சேர்த்தால் அதுவும் குறையும். நான்கு இதழ்களையும் நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பலகாரத்துக்கு முன்பே படித்து முடித்துவிடுவீர்கள். பிறகு அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டும்; உங்கள் விஷயத்தில், அத்தை மகன் ஊருக்கு வரும் வரை.

இந்த இரண்டாவது காத்திருப்பைத்தான் நீங்கள் யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். அவர் ஆறு மாத இதழ்களைச் சேர்த்துக் கட்டி ஒரே பெட்டியில் கொண்டு வந்தால், நீங்கள் மாத இதழ் வாசகர் என்பது பெயரளவில்தான். அதே ஆறு இதழ்களைப் பதிப்பகத்தாரே விளம்பரம் நீக்கி ஒரே தொகுதியாக வெளியிடுகிறார்கள். தனி இதழ்கள் ஆறின் கூட்டு விலையைவிட அது மலிவு. நம் ஊருக்கே இணையத்தில் வரவழைத்துக்கொள்ளவும் முடியும். எனவே மாதா மாதம் எதை வாங்குவது என்று கேட்பதற்கு முன், எந்தக் கதை மாதா மாதம் படிக்கப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்வது நல்லது. என் அனுபவத்தில் அப்படிப்பட்ட கதைகள் மிகக் குறைவு.

மாதந்தோறும் இணையத்தில் வெளிவரும் பரிந்துரைப் பட்டியல்களைப் பார்த்துத்தான் நீங்கள் என்னிடமும் ஒன்று கேட்டிருப்பீர்கள். அவை பிறந்த காரணம் வேறு. 1970-களில் அமெரிக்காவில் காமிக்ஸ் விற்பனை பெட்டிக்கடைகளிலிருந்து தனிக் கடைகளுக்கு நகர்ந்தபோது, கடைக்காரருக்குக் கூடுதல் கழிவு கொடுத்து, அதற்கு ஈடாக விற்காத இதழ்களைத் திருப்பி அனுப்பும் உரிமையை எடுத்துவிட்டார்கள். அதனால் எத்தனை பிரதிகள் விற்கும் என்பதை இதழ் வருவதற்கு வாரக்கணக்கில் முன்பே கடைக்காரர் ஊகித்தாக வேண்டும். ஊகம் தவறினால் சரக்கு அவர் தலையில். ஆகவே பதிப்பகத்தார் இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே அறிவிப்புகளை வெளியிடுகிறார்கள், வாடிக்கையாளர்கள் தங்களுக்கு வேண்டியதை முன்கூட்டியே கடையில் சொல்லி வைக்கிறார்கள், ரசிகர்கள் பட்டியல் போடுகிறார்கள். அச்சாகாத இதழைப் பற்றிய அபிப்பிராயம்தான் அந்தப் பட்டியலில் இருக்கும். பக்கத்துத் தெருவில் காமிக்ஸ் கடை உள்ளவருக்கு அது பயன்படும். தேவகோட்டையில் இருப்பவருக்கு, இதழ் வந்து, நாலு பேர் படித்து, நல்லது கெட்டது தெரிந்த பிறகு வாங்கும் வசதி இருக்கிறது. அதை ஏன் விட வேண்டும்?

மாதந்தோறும் படித்தால்தான் ருசி என்று நான் தயங்காமல் சொல்லக்கூடிய அண்மைக் காலத் தொடர், ஜோனதன் ஹிக்மேன் எழுதி மார்கோ கெக்கெட்டோ வரையத் தொடங்கி 2024 ஜனவரியில் வெளிவந்த ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’. இதில் பீட்டர் பார்க்கர் பள்ளி மாணவன் இல்லை. முப்பதுகளின் நடுவில் இருக்கும் குடும்பஸ்தன். மேரி ஜேனுடன் திருமணம் ஆகி, இரண்டு குழந்தைகள். சிறுவயதில் நடந்திருக்க வேண்டிய சிலந்திக்கடி ஒருவரின் சூழ்ச்சியால் நடக்காமல் போய், இந்த வயதில் வந்து சேர்கிறது. 1962 முதல் எல்லாரும் அறிந்த கதையில் செத்துப்போகும் பென் சித்தப்பா இதில் உயிரோடு இருக்கிறார். பத்திரிகை ஆசிரியர் ஜேம்சனோடு சேர்ந்து வேலை பார்க்கிறார். மே சித்திதான் இல்லை. அவர்கள் மேசையில் உட்கார்ந்து பேசிக்கொள்ளும் பக்கங்கள் சண்டைப் பக்கங்களைவிட நன்றாக இருக்கின்றன. வெளியே ஒரு மாதம் கழிந்தால் கதைக்குள்ளும் ஒரு மாதம் கழிந்திருக்கும் என்பது இந்தத் தொடரின் விதி. ஆகவே இதைத் தொகுதியாக வாங்கினாலும், மாதத்துக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்துப் படியுங்கள். ஒரே இரவில் முடித்தால் பாதி போய்விடும். மார்வெல் நிறுவனத்தின் சந்தா செயலியில் புது இதழ்கள் சுமார் மூன்று மாதம் கழித்து வந்துவிடுகின்றன என்பதால், காகிதம்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்களுக்கு அதுவே சிக்கனம்.

கையில் தனி இதழாகவே வாங்குங்கள் என்று ஒன்றே ஒன்றைச் சொல்வேன்: 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ஆப்சல்யூட் பேட்மேன்’. எழுத்து ஸ்காட் ஸ்னைடர், ஓவியம் நிக் டிராகாட்டா. பேட்மேன் முகமூடிக்குள் இருக்கும் புரூஸ் வேய்னிடமிருந்து பணத்தை, மாளிகையை, பணியாளரை எல்லாம் பிடுங்கிவிட்டு, மிச்சம் இருப்பவன் பேட்மேன் ஆவானா என்று இதில் கேட்டுப் பார்க்கிறார்கள். தந்தை பள்ளி ஆசிரியர், கொல்லப்பட்டுவிட்டார். தாய் உயிரோடு இருக்கிறார். புரூஸ் நகரத்தின் கட்டுமான வேலைகளைக் கவனிக்கும் பொறியாளன். வழக்கமான கதைகளில் வில்லன்களாக வருகிறவர்கள் சிலர் இதில் அவனோடு சேர்ந்து வளர்ந்த பிள்ளைகள், செல்வந்தன் ஜோக்கர்தான். டிராகாட்டாவின் பேட்மேன் பீரோவுக்குக் கைகால் முளைத்த மாதிரி அகலமாக இருக்கிறான். நெஞ்சிலுள்ள வௌவால் சின்னத்தைக் கழற்றினால் அது கோடரியின் அலகு. முதல் இதழில் அதை அவன் கழற்றும் இடத்தை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். (பெரிய வீடு, அதற்கு ஒரே வாரிசு, பங்காளி வழக்கு எதுவும் இல்லை என்ற பழைய பேட்மேன் கதையைச் செட்டிநாட்டுக்காரர்கள் எப்படி நம்பினோம் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.) இதழின் முடிவுகளை ஸ்னைடர் நாற்காலி நுனியில் நிறுத்தும் விதத்தால், இந்தத் தொடருக்கு அந்த ஒரு மாத இடைவெளி உண்மையிலேயே உதவுகிறது. தொகுதியில் பக்கம் திருப்பியதும் விடை வந்துவிடும்.

டி.சி. நிறுவனத்தின் அதே ‘ஆப்சல்யூட்’ வரிசையில் கெல்லி தாம்ப்சன் எழுதும் ‘ஆப்சல்யூட் வொண்டர் வுமன்’ தொகுதியாக வாங்க வேண்டியது. அமேசான் தீவில் வளராமல், நரகத்தில் சூனியக்காரி சிர்சியிடம் வளர்ந்த டயானாதான் இதில் வொண்டர் வுமன். நரகத்தில் வந்து சிக்கிய ஸ்டீவ் டிரெவர் என்பவனை மேலுலகுக்குத் திருப்பி அனுப்பத் தன் கையையே விலையாகக் கொடுப்பவள். இதை வரையும் ஹேடன் ஷெர்மன் பக்கத்தைக் கட்டம் கட்டும் முறையை அவசரமாகப் பார்க்கக் கூடாது. 2025-இல் சிறந்த புதிய தொடருக்கான ஐஸ்னர் விருது (அமெரிக்கக் காமிக்ஸ் உலகின் பெரிய விருது) இதற்குக் கிடைத்தது. கிடைக்காவிட்டாலும் இதைச் சொல்லியிருப்பேன். டெனிஸ் கேம்ப் எழுத, ஹாவியர் ரோட்ரிகெஸ் வரைந்த ‘ஆப்சல்யூட் மார்ஷியன் மேன்ஹன்டர்’ 6 இதழ்கள் என்று அறிவிக்கப்பட்டு 12 ஆக நீண்டது. குண்டுவெடிப்பில் தப்பிய ஓர் எஃப்.பி.ஐ. அதிகாரியின் மனத்துக்குள் செவ்வாய்க் கிரகத்துக்காரன் ஒருவன் குடியேறுகிறான். மற்றவர்களின் எண்ணங்கள் அந்த அதிகாரிக்கு வண்ணப் புகையாகத் தெரிகின்றன. இரும்புக்கை மாயாவியில் தொடங்கியவருக்கு இது முதலில் திகைப்பாக இருக்கும். தள்ளிப் போட்டாலும் விட்டுவிடாதீர்கள்.

எந்த ஹீரோவில் தொடங்குவது என்றும் நீங்கள் யோசிக்கலாம். ஹீரோவைப் பிடித்துக்கொண்டு போனால் உங்கள் பணம் நிச்சயம் வீணாகும், ஏனென்றால் அதே உடைக்குள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எழுதுபவரும் வரைபவரும் மாறிக்கொண்டே இருப்பார்கள். ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 2014, 2015, 2018, 2022, 2025 என்று மீண்டும் மீண்டும் முதல் இதழிலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறது. முதல் இதழ் என்றால் அதிகம் விற்கும் என்பதைத் தவிர அதற்குப் பெரிய காரணம் இல்லை. எழுதியவர், வரைந்தவர் பெயர்களைக் கவனியுங்கள். உங்களுக்கு மனப்பாடமான ஸ்பைடரையே (ஸ்பைடர்மேன் அல்ல) எடுத்துக்கொள்ளுங்கள்: 1965-இல் பிரிட்டனின் ‘லயன்’ வார இதழில் டெட் கோவன் எழுத, ரெக் பன் வரையத் தொடங்கிய அந்தக் கதைகளைப் பிறகு பொறுப்பேற்று எழுதியவர், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். 1984-இல் சிவகாசி வழியாக அவை தமிழுக்கு வந்தபோது, சூப்பர்மேனின் தகப்பன் கை பட்ட சரக்கு என்று தெரியாமலேயே நாம் வாங்கிப் படித்தோம். குற்றவாளியாகத் தொடங்கிய ஒருவன் வானத்துக்கும் பூமிக்குமாக எகிறும் அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்பது பெயர் தெரிந்த பிறகு புரிகிறது.

பழைய கதை தெரியாமல் புரியுமா என்ற தயக்கம் மேலே சொன்ன எதற்கும் தேவையில்லை. எல்லாமே புதிதாகத் தொடங்கியவை. பழையதைத் தொட ஆசை வந்தால், டி.சி. நிறுவனம் 2024 முதல் 9.99 டாலர் விலையில் சிறிய அளவில் வெளியிடும் காம்பாக்ட் வரிசையிலிருந்து, ஸ்னைடரும் கிரெக் கபுல்லோவும் 2011-இல் தொடங்கிய பேட்மேனின் ஆந்தைகள் கதையையும், கிராண்ட் மோரிசனும் ஃபிராங்க் க்வைட்லியும் 12 இதழ்களில் முடித்த ‘ஆல் ஸ்டார் சூப்பர்மேன்’ கதையையும் வாங்கிக்கொள்ளலாம். ஒரே கதையை இருபது தொடர்களில் சிதறடித்து, எல்லாவற்றையும் வாங்கினால்தான் முடிவு தெரியும் என்று மிரட்டும் பெருநிகழ்வுக் கதைகளை மட்டும் முதல் ஓராண்டு தொடவே வேண்டாம்.

அப்பச்சியின் கேள்விக்கு வருகிறேன். 1938-இல் 10 சென்ட்டுக்கு விற்ற, சூப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றிய ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின் பிரதி ஒன்று 2024-இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது உண்மைதான். சீகலும், அவரோடு சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கிய ஷூஸ்டரும் அதன் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தொகை அடங்கிய காசோலையே 2012-இல் 1,60,000 டாலருக்கு விற்றது. ஆனால் அந்த இதழ் அவ்வளவு விலை போவதற்குக் காரணம், வாங்கியவர்களில் பெரும்பாலோர் படித்துவிட்டுத் தூக்கி எறிந்தது. பத்திரப்படுத்தினால் பணம் என்று எல்லாருக்கும் தெரிந்த காலத்தில் நடந்ததை அப்பச்சியிடம் சொல்லுங்கள்: 1991-இல் ஐந்து வெவ்வேறு அட்டைகளுடன் வந்த ‘எக்ஸ்-மென்’ முதல் இதழ் சுமார் 80 லட்சம் பிரதிகள் போனது, ஒவ்வொருவரும் இரண்டு மூன்று வாங்கிப் பிரிக்காமல் வைத்தார்கள், இன்றும் அது மலிவாகவே கிடைக்கிறது. அந்த ஊக வணிகம் சரிந்த பிறகு, 1996-இல் மார்வெல் நிறுவனமே திவால் மனு கொடுத்தது. வட்டிக் கணக்குத் தெரிந்த ஊரில் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. செலவு என்று எழுதுங்கள். முதலீடு என்று எழுதி அனுமதி வாங்காதீர்கள்.

பாதுகாப்பது வேறு விஷயம். அதைச் செய்யத்தான் வேண்டும். காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார், மற்றவர்கள் குப்பை என்று நினைத்த நாடகப் பாட்டுப் புத்தகங்களையும் துண்டு நோட்டீசுகளையும் நூல்களோடு சேர்த்து வைத்ததால்தான், 1994-இல் சென்னையில் அவர் பெயரில் ஓர் ஆராய்ச்சி நூலகமே உருவாக முடிந்தது. உங்கள் சித்தப்பாவின் முத்து, லயன் இதழ்களை அந்த மரியாதையோடு பாருங்கள். அமெரிக்க இதழ்களை எப்போது வேண்டுமானாலும் மறுபடி வாங்கலாம். 1972-இல் வந்த மாயாவியின் முதல் பதிப்பு மறுபடி அச்சாகும்போது அதே புத்தகமாக இருக்காது. அவை பரணில் இருந்தால் ஓட்டுச் சூடு நேராக இறங்கும். கரையானும் இராமபாணமும் முதலில் அங்கேதான் வரும். கீழே, சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து உயர்த்திய அலமாரிக்கு மாற்றி, அமிலம் சேராத அட்டையும் உறையும் வாங்கி, ஒவ்வொன்றையும் நிமிர்த்தி அடுக்குங்கள்.

ஆக, 2,000 ரூபாயில் ஏறக்குறைய 500 ரூபாய் ‘ஆப்சல்யூட் பேட்மேன்’ தனி இதழுக்கு. மீதியில் இரண்டு மாதத்துக்கு ஒரு தொகுதி. எஞ்சுவதைச் சிவகாசியின் லயன், முத்து காமிக்ஸுக்கு ஆண்டுச் சந்தாவாகக் கட்டிவிடுங்கள். அங்கே இப்போது வருபவை பெரும்பாலும் டெக்ஸ் வில்லர், லக்கி லூக் போன்ற ஐரோப்பியக் கதைகள்தான் என்றாலும், மாதா மாதம் கூரியரில் வீடு தேடி வரும் காமிக்ஸ் என்ற உங்கள் ஆசை உண்மையில் நிறைவேறுவது அதில்தான்.

அத்தை மகனிடம் இந்த முறை ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’ முதல் தொகுதியையும், ‘ஆப்சல்யூட் வொண்டர் வுமன்’ முதல் தொகுதியையும் மட்டும் சொல்லி விடுங்கள். மாற்று அட்டை என்று கடைக்காரர் கூடுதல் விலைக்கு எதையாவது நீட்டினால், சாதாரண அட்டையே போதும் என்று சொல்லச் சொல்லுங்கள். உள்ளே கதை ஒன்றுதான். பேட்மேனை மட்டும் அவரிடம் விடாமல், மாதா மாதம் அஞ்சலில் அனுப்பும் இந்தியக் கடை ஒன்றில் பெயர் பதிந்துகொள்ளுங்கள்.

அன்புடன்,
அண்ணன்