ஹிஜாப் போட்டவங்க பெண்ணியம் பேசக்கூடாதா?

கேள்வி: உங்க இதழ்ல சட்டப் பகுதி எழுதுற வக்கீலம்மா ஹிஜாபோட இருக்கிற போட்டோவை மாசாமாசம் போடுறீங்க. ஈரான்ல பொண்ணுங்க முக்காட்டைக் கழட்டி நெருப்புல போட்டு உயிரையே விடுறாங்க, நீங்க இங்க அதே முக்காட்டுக்கு வக்காலத்து வாங்குறீங்க. இது எந்த ஊர் பெண்ணியம்?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: போட்டோ அப்படியேதான் வரும், அதை முதல்லயே சொல்லிடுறேன்.

ஈரான்லருந்தே ஆரம்பிக்கலாம் சகோதரி. 2022 செப்டம்பர்ல மஹ்சா அமினிங்கற 22 வயசுப் பொண்ணை, முக்காடு சரியா போடலைன்னு போலீஸ் பிடிச்சிட்டுப் போயி அந்தப் பொண்ணு செத்தே போச்சு, நாடே கொந்தளிச்சுது, நாங்க அன்னைக்கும் அந்தப் பெண்கள் பக்கம்தான், இன்னைக்கும் அவங்க பக்கம்தான். ஆனா அதே ஈரான்ல 1936ல மன்னர் ரெசா ஷா இதுக்கு நேர் எதிரா ஒரு உத்தரவு போட்டார், யாரும் முக்காடு போடக்கூடாதுன்னு. தெருவுல போற பொம்பளைங்க தலையிலருந்து போலீஸ்காரன் துணியைப் பிடிச்சு உருவினான். என்ன ஆச்சு? நிறைய பொம்பளைங்க வெளிய வர்றதையே விட்டுட்டாங்க, படிச்சிட்டிருந்த பிள்ளைங்களை வீட்டுல நிறுத்திட்டாங்க. அவமானம் தாங்காம வீட்டுக்குள்ளயே கிடந்த அந்தப் பெண்களையும் ஈரான் கணக்குல சேர்த்துத்தானே பேசணும்?

இப்ப நம்ம பக்கத்து மாநிலத்துக்கு வாங்க. 2022 பிப்ரவரி, கர்நாடகாவுல குந்தாப்பூர் அரசு பி.யூ. காலேஜ், நம்ம ஊர் பிளஸ் டூ மாதிரி. ஹிஜாப் போட்டுட்டு வந்த பிள்ளைங்களைப் பாத்து பிரின்சிபால் கேட்டை இழுத்துச் சாத்துறார், வெளிய நிக்கிற பிள்ளைங்க பரீட்சைக்கு ரெண்டு மாசம்தான் சார் இருக்கு, உள்ள விடுங்கன்னு அழுது கெஞ்சுறாங்க. அந்த வீடியோவை நான் பலதடவை பாத்திருக்கேன். அடுத்த சில நாள்ல மாண்டியாவுல ஒரு ஸ்கூல் வாசல்ல, பாடம் நடத்தப் போற டீச்சரையே நிறுத்தி ரோட்டுல வச்சு புர்காவைக் கழட்ட வச்சாங்க, சுத்தி டிவி கேமரா. ஒரு டீச்சரை அவங்க பிள்ளைங்க முன்னாடி இப்படி நிக்க வச்சதை எந்தப் பெண்ணியம் ஏத்துக்கும்னு நீங்கதான் சொல்லணும்.

"அவங்க விரும்பியா போடுறாங்க, வீட்டுல கட்டாயப்படுத்தித்தானே போட வைக்கிறாங்க"ன்னு அடுத்து கேப்பீங்க. சரி, கட்டாயம்னே வச்சுக்குவோம். பல வீட்டுல உண்மையும் அதுதான், நான் மறுக்கல. அப்ப அந்தப் பொண்ணை கேட்லயே திருப்பி அனுப்பினா அவ எங்க போவா? எவன் கட்டாயப்படுத்தினானோ அவன் வீட்டுக்குத்தான் போவா. படிப்பு போச்சு, பிரெண்ட்ஸ் போச்சு, நாளைக்கு ஒரு வேலைக்குப் போயி தன் கால்ல நின்னு "எனக்கு இது வேணாம்பா"ன்னு சொல்றதுக்கு இருந்த ஒரே வழியும் போச்சு. விரும்பிப் போட்டவளுக்கும் அநியாயம், விரும்பாம போட்டவளுக்கு அதைவிடப் பெரிய அநியாயம். 2022 அக்டோபர்ல இந்தக் கர்நாடகா ஹிஜாப் வழக்குல சுப்ரீம் கோர்ட்ல ரெண்டு நீதிபதிகளும் வேற வேற தீர்ப்பு சொன்னாங்கல்ல, அதுல நீதிபதி சுதான்ஷு துலியா கேட்டதும் கிட்டத்தட்ட இதுதான், தடுத்து நிறுத்தினதால இந்தப் பிள்ளைங்க வாழ்க்கை கொஞ்சமாவது நல்லாயிடுச்சான்னு.

முஸ்லிம் பெண்ணை நாங்க காப்பாத்துறோம்னு கிளம்புறவங்க யாருன்னும் கொஞ்சம் பாக்கணும். எகிப்தை ஆண்ட வெள்ளைக்கார அதிகாரி கிரோமர் பிரபு, முகத்திரைதான் இந்த ஜனங்க முன்னேற்றத்துக்குத் தடைன்னு எழுதினார். அவர் ஆட்சியிலதான் அங்க ஸ்கூல் ஃபீஸ் ஏறுச்சு. ஊருக்குத் திரும்பிப் போயி இங்கிலாந்துப் பெண்களுக்கு ஓட்டுரிமை கூடாதுங்கிற இயக்கத்துக்குத் தலைவராவும் இருந்தார். அதே எகிப்துல பெண்ணியவாதி ஹுதா ஷஅராவி 1923ல கெய்ரோ ரயில்வே ஸ்டேஷன்ல தன் முகத்திரையைத் தானே எடுத்தாங்க. அவங்க கையால எடுத்தாங்க, அவங்க முடிவு பண்ணின நாள்ல எடுத்தாங்க.

நம்ம வீட்டையும் பாருங்க. கேட்ல பால்காரர் நின்னா நைட்டி மேல ஒரு துண்டை எடுத்துப் போட்டுக்கிட்டுத்தான் போறோம். துப்பட்டாவுக்குப் பின் குத்தலைன்னா பொண்ணுங்களை உள்ள விடாத காலேஜ் நம்ம ஊர்ல இருக்கு. அந்தத் துண்டை வச்சு யாரும் உங்களுக்கு அறிவில்லைன்னு சொல்றதில்லையே. போன வருஷம் ஒரு கூட்டத்துல எங்க வக்கீலம்மா, ஜீவனாம்சக் கேஸை வாய்தா மேல வாய்தா வாங்கி எப்படி இழுத்தடிக்கிறாங்கன்னு முக்கால் மணிநேரம் பேசினாங்க. முதல் கேள்வி என்ன தெரியுமா, "உங்களுக்குப் புழுக்கமா இல்லையா மேடம்?" கேட்டதும் ஒரு பெண்ணியவாதிதான். எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது.

இதுக்காக ஹிஜாபுக்கு கொடி பிடிக்கிறேன்னு நினைக்காதீங்க. மூடின மிட்டாய்ல ஈ மொய்க்காதுன்னு வாட்ஸ்அப்ல படம் அனுப்புற ஆம்பளைங்க மேல எனக்கு இருக்கிற கோபம் கொஞ்சநஞ்சமில்ல. பொண்ணு மிட்டாயும் இல்ல, ஆம்பள ஈயும் இல்ல, தப்பு பண்ணினவனைக் கேக்காம அவ துணியைப் பேசுற அந்தப் புத்தி மொதல்ல ஒழியணும்.

ஆனா அந்த ஆம்பளைங்களை எதிர்த்து நின்னது யாரு? புதுக்கோட்டையில ஷரீஃபா கானம். தலாக், வரதட்சணைன்னு பொம்பளை பிரச்சனை எல்லாத்துக்கும் ஆம்பளைங்க மட்டும் உக்காந்து தீர்ப்பு சொல்ற ஜமாத்தை எதிர்த்து, பெண்களுக்குன்னு தனி ஜமாத் கூட்டினாங்க, பெண்களுக்குப் பள்ளிவாசல் கட்டுறோம்னு கிளம்பினாங்க, மிரட்டலுக்கும் பயப்படல. அங்க வர்ற பொம்பளைகிட்ட முதல்ல முக்காட்டை எடுத்துட்டு வான்னு சொல்லியிருந்தா ஒருத்தியாவது தன் கதையைச் சொல்லியிருப்பாளா?

2022 உள்ளாட்சித் தேர்தல்ல நம்ம மேலூர்லயே ஓட்டுப் போட வந்த ஒரு பெண்ணை, ஹிஜாபைக் கழட்டச் சொல்லி பி.ஜே.பி. ஏஜென்ட் தகராறு பண்ணினார். மத்த கட்சி ஏஜென்ட்டுங்க விடல, போலீஸ் அந்த ஆளை வெளிய அனுப்புச்சு, அந்தம்மா ஓட்டுப் போட்டாங்க. அன்னைக்கு அந்த பூத்ல நீங்க வரிசையில நின்னிருந்தா யார் பக்கம் பேசியிருப்பீங்க சகோதரி? பதில் எழுதுங்க, ஒரு வரி வெட்டாம போடுறேன்.